மாம்பலம் வீடும் என் மகனும்: உயில் போதுமா, டிரஸ்ட் வேண்டுமா?

கணக்கு ஆசிரியை, மேற்கு மாம்பலம்

வணக்கம். என் வயது 67. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகள் கோவையில் கணவரோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருக்கிறாள். மகன் என்னோடு இருக்கிறான். அவனுக்கு 34 வயது, ஆட்டிசம் உள்ளவன்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் கேள்வி புரியும். எந்த ஆண்டின் எந்தத் தேதியைக் கேட்டாலும் கிழமையைச் சொல்லிவிடுவான். காலை ஐந்தரைக்கு என்னோடு பால் பூத்துக்கு வந்து இரண்டு பாக்கெட்டை எண்ணிப் பையில் வைப்பான். ஆனால் பத்து ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் அவனுக்கு வேறுபாடு தெரியாது. தன் பெயரை அழகாக எழுதுவான். எனக்குப் பயமே அதுதான். யார் எந்தக் காகிதத்தை நீட்டி "இங்கே எழுதுப்பா" என்றாலும் எழுதிக் கொடுத்துவிடுவான்.

சொத்து பெரிதில்லை. 1989-இல் நாங்கள் வாங்கிய அரை கிரவுண்டு மனையில் கீழும் மேலுமாக ஒரு வீடு. இப்போது முழுவதும் என் பெயரில் இருக்கிறது. மாடியிலிருந்து மாதம் 18,000 ரூபாய் வாடகை வருகிறது. வங்கி வைப்பும் அஞ்சலகச் சேமிப்பும் சேர்ந்து 37 லட்சம். ஓய்வூதியம் இருக்கிறது. நகையெல்லாம் மகளுக்குப் போட்டாகிவிட்டது.

எங்கள் தெருக்காரர் ஒருவர், "உயில் எழுதி வையுங்கள், சென்னை என்பதால் பிறகு புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் உத்தரவு) வாங்க வேண்டியிருக்கும்" என்றார். கலிஃபோர்னியாவில் இருக்கும் மகளின் தோழி, "புரோபேட் பக்கமே போகாதீர்கள் ஆன்ட்டி, இங்கே நாங்கள் எல்லோரும் லிவிங் டிரஸ்ட்தான் (உயிரோடு இருக்கும்போதே, பயன்பெறுபவருக்காகச் சொத்தைப் பொறுப்பாளர் பெயரில் வைக்கும் ஏற்பாடு) எழுதி வைத்திருக்கிறோம்" என்றாள். வங்கியில் கேட்டால் நாமினி போட்டால் போதும் என்கிறார்கள். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கணக்குக்கு விடை சொல்வதாகத் தோன்றுகிறது.

என் கணக்கு இது. நான் இல்லாத முதல் மாதத்திலிருந்து அவனுடைய கடைசி மாதம் வரை இந்த வாடகையும் வட்டியும் அவன் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உடைக்கும் போய்ச் சேர வேண்டும். அவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு யாரும் வீட்டை விற்றுவிடக் கூடாது. இதற்கு உயில் சரியா, டிரஸ்ட் சரியா? இரண்டும் வேண்டுமா? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.


வடபழனி வாசகர்

அம்மா, இவ்வளவு சுற்று எதற்கு? மகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, அதிகபட்சம் 10,000. உங்கள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நீதிமன்ற வாசலை யாரும் மிதிக்க வேண்டியதில்லை. எங்கள் அம்மா எனக்கு இப்படித்தான் எழுதினார். பட்டா மாற்றம் உட்பட இரண்டே மாதத்தில் முடிந்தது. கூடப் பிறந்தவளைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ள வேறு யார் கிடைப்பார்கள்?


கணக்கு ஆசிரியை, மேற்கு மாம்பலம்

நன்றி தம்பி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். என் மகள் தங்கமானவள். தம்பியைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, அவன் கோபத்தில் கடித்த தழும்பைக் கையில் வாங்கிக்கொண்டு வளர்ந்தவள். அவள் மீது எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை.

ஆனால் அவளுக்கு வயது 39, அவனுக்கு 34. அவனுக்கு முன்பே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்த வார்த்தையைத் தட்டச்சு செய்யவே என் கை கூசுகிறது, இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அன்று வீடு அவளுடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சேரும். மருமகன் நல்லவர்தான், பேத்திகள் இன்னும் பள்ளியில் படிக்கிறார்கள். பத்தாண்டு கழித்து அவர்கள் யார் யாரோடு எந்த ஊரில் இருப்பார்கள்? கீழ்வீட்டில் மாமா ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பத்திரம் காப்பாற்றுமா?

இன்னொன்றும் உண்டு. மருமகன் சொந்தத் தொழில் செய்கிறார். நாளை அவர் வாங்கும் கடனுக்கு மகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, தொழில் நொடித்துவிட்டால், அவள் பெயரில் இருக்கும் மாம்பலம் வீடும் ஜப்திக்கு வருமே. அவள் குற்றம் செய்யாமலே என் மகன் தெருவுக்கு வந்துவிடுவான். அவள் தலையில் இந்தப் பாரத்தை வைக்க எனக்கு விருப்பமில்லை.


பெரம்பூர்க்காரன்

அம்மாவுக்கு வணக்கம். புரோபேட் என்றால் என்ன என்பதை எங்கள் குடும்பம் ஏழு ஆண்டுகள் அனுபவித்தது. அந்த முறையில் எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். 2009-இல் உயில் எழுதிப் பதிவும் செய்தார். வீடு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பின் எனக்கு. தம்பிக்கு முன்பே மனை வாங்கிக் கொடுத்துவிட்டதால் இப்படி எழுதுகிறேன் என்று காரணத்தையும் உயிலிலேயே சொல்லியிருந்தார். 2013-இல் அப்பா போனார். உடனே மனுப் போட்டோம். அசல் உயில், இறப்புச் சான்று, சொத்துப் பட்டியல், சாட்சியின் பிரமாணப் பத்திரம், வாரிசுகளுக்கு அறிவிப்பு, பத்திரிகையில் விளம்பரம். யாரும் எதிர்க்காவிட்டால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் முடியும் என்றார் வக்கீல். தம்பி கேவியட் (எதிர்ப்பு மனு) போட்டான். அதோடு வெறும் மனுவாக இருந்தது முழு வழக்காக மாறியது. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் வந்தன.

உயிலில் சாட்சிகள் இருவர். அப்பாவோடு வேலை பார்த்தவர் 2011-இலேயே இறந்துவிட்டார். மற்றவர் எதிர்வீட்டுத் தாத்தா. கூண்டில் ஏறியபோது அவருக்கு 81 வயது. நான்தான் ஆட்டோவில் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். பேனா என்ன நிறம், அப்பா கண்ணாடி அணிந்திருந்தாரா, அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தார். தாத்தா சொன்னார்: "நிறம் நினைவில்லை ஐயா. போடுவதற்கு முன்னால் என்னை உரக்கப் படிக்கச் சொன்னான். படித்தேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். நான் போடும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான்." எங்கள் வழக்கு அந்த நாலு வாக்கியத்தில்தான் நின்றது. அந்த ஆண்டு தீபாவளிக்குத் தாத்தா இல்லை. தீர்ப்பு 2020-இல் வந்தது.

அந்த ஏழு ஆண்டில் வீட்டை விற்கவும் முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை. அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு என் வருங்கால வைப்பு நிதியை எடுத்தேன். அதே நேரத்தில், உத்தரவு கைக்கு வந்த பிறகு அந்த வீட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கி கடன் கொடுத்தது, பட்டா மாறியது, தம்பியே பின்னால் வந்து பேசினான். அப்படி ஓர் அமைதி வேறு எந்தக் காகிதத்திலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான் அம்மா. உயில் எழுதினால் உங்களைவிட இருபது வயதாவது இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள். சண்டை போட ஆளில்லை என்று நாங்களும் நினைத்திருந்தோம்.


உரிமையியல் வழக்கறிஞர், சென்னை

அம்மா, 38 ஆண்டுகளாக உயில், பாகப்பிரிவினை வழக்குகளை நடத்தி வருபவன் நான். உங்கள் கேள்வியில் ஒரு செய்தியை முதலில் திருத்திக்கொள்ளலாம். சென்னையில் புரோபேட் கட்டாயம் என்பது பழைய கதையாகிவிட்டது.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் உரிமையியல் எல்லைக்குள் (சொத்து வழக்கை உயர் நீதிமன்றமே முதலில் விசாரிக்கும் நகர எல்லை) இந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், சமணர்கள் எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் நிலம், வீடு பற்றிய உயிலுக்கும் புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்பது அதன் சாரம். கோவையில் எழுதி, கோவைச் சொத்தைப் பற்றிச் சொல்லும் உயிலுக்கு இது கிடையாது. முஸ்லிம்களுக்குக் கிடையாது, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்து மூன்று நகரங்களுக்கு மட்டும் மிஞ்சியிருந்த இந்தக் கட்டாயத்தை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது.

கட்டாயம்தான் போயிருக்கிறது, புரோபேட் கேட்டுப் பெறும் உரிமை இன்னும் இருக்கிறது. பெரம்பூர் ஐயா சொன்ன அமைதி எங்கிருந்து வருகிறது என்றால், உயில் உண்மையானது என்று நீதிமன்றம் புரோபேட் கொடுத்தால் அது வழக்கில் இருந்த இருவரை மட்டுமல்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும். உயிலில் ஒரு பிள்ளைக்கு அதிகம், மற்றவருக்குக் குறைவு என்று இருந்தாலோ, பின்னால் யாராவது கிளம்புவார்கள் என்று தோன்றினாலோ, சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வீட்டை வாங்க வருபவரின் வக்கீலும் கடன் கொடுக்கும் வங்கியும் இன்னும் சில காலத்துக்குப் பழைய வழக்கப்படி கேட்கத்தான் செய்வார்கள்.

கலிஃபோர்னியத் தோழி சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே புரோபேட் நடத்தும் வக்கீலின் கட்டணத்தைச் சட்டமே சொத்து மதிப்பின் மீது நிர்ணயிக்கிறது: முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 விழுக்காடு, அடுத்த ஒரு லட்சத்துக்கு 3, அடுத்த எட்டு லட்சத்துக்கு 2. வீட்டுக்கடன் பாக்கியைக் கழிக்காமல் முழு மதிப்பின் மீது போடுவார்கள். உயிலை நிறைவேற்றுபவருக்கும் அதே அளவு ஊதியம் உண்டு. அந்தச் செலவிலிருந்து தப்பிக்க அங்கே டிரஸ்ட் எழுதுகிறார்கள். இங்கே அந்தக் கட்டண முறை இல்லை. இறந்தவர் சொத்துக்கு வரி போட்டு வந்த எஸ்டேட் டூட்டியும் 1985-இல் போய்விட்டது. ஆகவே புரோபேட்டைத் தவிர்ப்பதற்காக நீங்கள் டிரஸ்ட் எழுத வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் மகனுக்காக எழுதத்தான் வேண்டும். உயில் என்ன செய்யும்? சொத்தை உங்கள் கையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. உங்கள் மகன் கையில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். டிரஸ்ட் என்றால் சொத்து டிரஸ்டிகளின் பெயரில் நிற்கும், பயன் மகனுக்குப் போகும். அவன் எதில் கையெழுத்துப் போட்டாலும் வீடு போகாது. டிரஸ்டி கடன்பட்டாலும் அவருடைய கடன்காரர் இந்தச் சொத்தைத் தொட முடியாது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி டிரஸ்டி அந்தச் சொத்தைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்ளக் கூடாது, அதிலிருந்து ஆதாயம் அடையக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும். உங்கள் மருமகனின் தொழிலைப் பற்றிய கவலைக்கும் பதில் இதில் இருக்கிறது.

இப்போதே ஏற்படுத்துவதா, உயிலுக்குள் எழுதி உங்களுக்குப் பின் பிறக்க வைப்பதா என்பது அடுத்த கேள்வி. உயிலுக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை கிடையாது, நினைத்தபோது மாற்றலாம். குறை என்னவென்றால், உயில் உங்கள் மரணம் வரை தூங்கும். நாளை உங்களுக்கு நினைவு தவறி ஐந்து ஆண்டு படுக்கையில் இருந்தால் உயில் எழுந்து வந்து உங்கள் மகனுக்குச் சோறு போடாது. மகளுக்குப் பவர் பத்திரம் எழுதி வைத்திருந்தாலும், எழுதியவரின் சித்தம் கலங்கிவிட்டால் பவர் அற்றுவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அது. பலரும் இதை அறியாமல் பவரை நம்பியிருக்கிறார்கள். இப்போதே டிரஸ்ட் ஏற்படுத்தி அதில் பணம் போட்டிருந்தால் மற்ற டிரஸ்டி அன்றே காசோலை எழுதலாம்.

வீட்டை இப்போதே டிரஸ்டுக்கு மாற்றினால் பதிவு செய்தாக வேண்டும். குடும்ப செட்டில்மெண்டுக்கு உள்ள 40,000 ரூபாய் வரம்பு அதற்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு பத்திரம் எழுதாதீர்கள். தீர்வை எவ்வளவு என்று முதலில் சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் யோசனை, சிறிய தொகையோடு டிரஸ்டை இன்றே பதிவு செய்து கணக்குத் தொடங்குங்கள். வீட்டை உயில் மூலம் அதே டிரஸ்டுக்கு எழுதுங்கள். மகன் ஒருவனே பயனாளி, வருமானம் முழுவதும் அவனுக்கே என்று திட்டவட்டமாக இருந்தால் வருமான வரியும் அவனுக்குரிய விகிதத்தில் வரும். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும். பத்திரத்தின் வாசகம் முக்கியம். மாதிரிப் பத்திரத்தை நகல் எடுக்காதீர்கள்.

செட்டில்மெண்ட் யோசனை பற்றி ஒரு சொல். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்ததை, கவனிக்காவிட்டால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. அது உங்களைக் காக்கும். உங்களுக்குப் பின் உங்கள் மகனுக்காக அந்தக் கதவைத் தட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கை மட்டும்தான்; உரிமையாளர் அல்ல. வங்கியில் சொன்னதை விட்டுவிடுங்கள்.


நெல்லை அப்பா

டீச்சர், என் மகளுக்கு 29 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவள். 2018-இல் அவளுக்காக டிரஸ்ட் பதிவு செய்தோம். பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் வாங்கினோம். பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கணக்கில் இருந்தது 5,000 ரூபாய்.

2021-இல் கொரோனா வந்து 16 நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வைப்புத் தொகை முழுவதும் என் ஒருவன் பெயரில் இருந்தது. மனைவியால் ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. மகளின் வலிப்பு மாத்திரைக்கு மைத்துனர் பணம் கொடுத்தார். டிரஸ்ட் இருந்தது, அதற்குள் எதுவும் இல்லை. மூச்சுத் திணறிக்கொண்டு அந்தக் கட்டிலில் நான் போட்ட கணக்கை எந்தத் தகப்பனும் போட வேண்டாம். வீடு திரும்பிய மாதமே 20 லட்சத்தை அதற்கு மாற்றினேன். எழுதினால் மட்டும் போதாது டீச்சர், அன்றே நிரப்பிவிடுங்கள்.

டிரஸ்டிகள் நான், மனைவி, என் அக்கா மகன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என நால்வர். தலைமையாசிரியர் போன ஆண்டு தவறிவிட்டார். ஒருவர் இடம் காலியானால் மற்றவர்கள் 60 நாளுக்குள் புதியவரைச் சேர்க்க வேண்டும் என்று பத்திரத்தில் இருந்ததால் தடுமாறவில்லை. 

நான் செய்த பெரிய தவறு ஒன்றைச் சொல்கிறேன். மகளுக்குப் பின் மீதிச் சொத்து அக்கா மகனின் பிள்ளைகளுக்கு என்று முதலில் எழுதியிருந்தேன். நன்றிக்காக எழுதியதுதான். வக்கீலம்மா படித்துவிட்டு, "ஐயா, இனி உங்கள் மகளுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் தன் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுப்பதாக ஆகும், நல்ல மனிதரை எதற்குச் சோதிக்கிறீர்கள்?" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாற்றி, மீதியில் பெரும்பகுதியை அவள் போகும் பகல்நேரப் பராமரிப்பு இல்லத்துக்கு எழுதினேன். அக்கா மகன் அதைக் கேட்டு, "இப்போதுதான் மாமா எனக்கு நிம்மதி" என்றான்.

டிரஸ்ட் பணத்தைத்தான் பார்க்கும். அவள் எங்கே இருக்க வேண்டும், எந்த மருத்துவரிடம் போக வேண்டும், அறுவைச் சிகிச்சைக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதற்குப் பாதுகாவலர் வேண்டும். பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால் பெற்றோர் என்பதால் மட்டும் நாம் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்டிசத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். விண்ணப்பித்து நியமன ஆணை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அரசுப் பணியில் இருந்தவர் என்பதால் மகனுக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. மாற்றுத்திறன் சான்றோடு அவன் பெயரை உங்கள் ஓய்வூதியப் பதிவில் இப்போதே சேர்த்துவிடுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிவதற்கு, பிறகு உங்கள் மகள் பல முறை அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நான் 40 பக்கம் எழுதியிருக்கிறேன். எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தால் பால் குடிக்க மாட்டாள். கண்ணாடித் தம்ளர் வேண்டும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இழுக்கக் கூடாது, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் தானாக வருவாள். பல்வலி என்றால் சொல்லத் தெரியாது. இடது காதைப் பிடித்துக்கொள்வாள். இதெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அடுத்து வருபவருக்கு முதல் நாளே வேண்டியது இதுதான்.


கணக்கு ஆசிரியை, மேற்கு மாம்பலம்

எல்லோருக்கும் என் நன்றி. நெல்லை ஐயாவின் பதிலை மகளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இடது காது வரும்போது இருவராலும் மேலே பேச முடியவில்லை. என் மகன் பல்வலி வந்தால் சுவரில் முதுகைத் தேய்ப்பான். அதை இதுவரை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். முடிவெடுத்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

டிரஸ்டை இப்போதே பதிவு செய்கிறோம். நான், மகள், என்னோடு வேலை பார்த்த ஆசிரியையின் மகளான ஓர் ஆடிட்டர், மூவரும் டிரஸ்டிகள். முதல் நாளே வங்கி வைப்பிலிருந்து 15 லட்சத்தை அதற்கு மாற்றுகிறேன். நான் விழுந்துவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அவனுக்கு அது போதும். மாதக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மருமகனை டிரஸ்டியாகச் சேர்க்கவில்லை. காரணத்தை அவரிடமே சொன்னேன். "அத்தை, நீங்கள் சேர்த்திருந்தால்தான் நான் வேண்டாம் என்றிருப்பேன்" என்றார். பெருந்தன்மையான மனிதர்.

வீடு உயில் மூலம் டிரஸ்டுக்குப் போகிறது. அப்போது இருக்கும் எல்லா டிரஸ்டிகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவிர விற்கக் கூடாது. விற்றாலும் பணம் அவன் தங்குமிடத்துக்கே போக வேண்டும். அவனுக்குப் பின் மீதியில் பாதி அவன் படித்த சிறப்புப் பள்ளிக்கு, பாதி பேத்திகளுக்கு என்று எழுத நினைக்கிறேன். பேத்திகளுக்குப் பாதி கொடுத்தால் நெல்லை ஐயா சொன்ன சிக்கல் என் மகளுக்கும் வருமே என்று தயங்கினேன். மகள்தான், "கால்பங்கு போதும் அம்மா, அதுகூடத் தம்பியின் நினைவாக இருக்கட்டும்" என்றாள். அப்படியே மாற்றிவிட்டேன்.

சாட்சிகள் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த இருவர். ஒருவருக்கு 41 வயது, மருத்துவர். மற்றவருக்கு 38, மாம்பலத்திலேயே கடை வைத்திருக்கிறார். பெரம்பூர் ஐயாவின் தாத்தாவை நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் உயிலை உரக்கப் படிக்கச் சொல்லப் போகிறேன். கட்டாயம் இல்லாவிட்டாலும் எனக்குப் பின் ஆறு மாதத்துக்குள் புரோபேட்டுக்கு மனுப் போட்டுவிடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நானும் பேசி வைத்திருப்பது இன்னொரு முப்பது ஆண்டு கழித்து வருபவர்களுக்குத் தெரியாது. நீதிமன்ற உத்தரவு என்றால் தெரியும்.

பாதுகாவலர் விண்ணப்பத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது. ஓய்வூதியப் பதிவுக்கு மாற்றுத்திறன் சான்றின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. மாடி வாடகை இப்போது என் கணக்குக்கு வருகிறது. நான் உயிரோடு இருந்து நினைவு தவறினால் அந்த 18,000 முடங்கிவிடும் அல்லவா? வாடகை வந்து சேரும் கணக்கை மகளோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மாற்றினால் போதுமா?

பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நேற்று இரவு சாப்பிடும்போது "மார்ச் 11, 2026" என்றேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "புதன்" என்றான்.